தூசியா, மூக்குத்தியா?

பழைய கருப்பு வெள்ளைப் படங்களைக் கணிப்பொறியில் சீர்செய்தல்

கருப்பு வெள்ளைப் படம் என்று நாம் சொல்லும் படத்தில் உண்மையில் கருப்பும் வெள்ளையும் மிகக் குறைவு. கூந்தலின் ஆழத்தில் கொஞ்சம் கருப்பு இருக்கும். வேட்டியின் மேல் விளக்கொளி பட்ட இடத்தில் கொஞ்சம் வெள்ளை இருக்கும். எஞ்சியவை எல்லாம் சாம்பல் நிறத்தின் பல படிகளே. அப்படிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் கொண்டுதான் மூக்கு எது, கன்னம் எது, உதட்டோரத்தில் தெரிவது புன்னகையா அல்லவா என்று நம் கண் அறிந்துகொள்கிறது. படம் பழையதாகும்போது முதலில் தேய்வது இந்த வேறுபாடுதான்.

நம்மில் பலர் வீட்டில் அத்தகைய படம் ஒன்றாவது இருக்கும். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் ஊர் ஸ்டூடியோவில் எடுத்தது. நெகட்டிவ் எப்போதோ போய்விட்டது. அந்தப் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ வேறு படமே கிடையாது. அது மஞ்சள் பூத்து, மடிந்து, புள்ளி விழுந்து கிடக்கிறது. கணிப்பொறியில் ஏற்றினால் புதிது போல ஆக்கிவிடலாம் என்கிறார்கள். ஆக்கலாம் என்பது உண்மை. ஆனால் எந்த அளவுக்கு? மங்கிப்போன விவரத்தை மீட்க முடியும். அழிந்துபோன விவரத்தை மீட்க முடியாது. அந்த இடத்தில் புதிதாக எதையாவது வரையத்தான் முடியும். இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவர்தான் பாட்டியின் முகத்தைப் பாட்டியின் முகமாகவே காப்பாற்ற முடியும். அதற்குத் தேவையான பௌதிகமும் கணக்கும் பள்ளி மாணவருக்கு எட்டாதவை அல்ல. மென்பொருளும் விலையின்றிக் கிடைக்கிறது.

படம் என்பது எண்களே

கணிப்பொறிக்குப் படம் தெரியாது, எண்கள்தான் தெரியும். படத்தின் மேல் மிக நுண்ணிய சதுரக் கட்டங்களை வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் வெளிச்சத்துக்கு ஏற்ப ஓர் எண் கொடுத்துவிட்டால் படம் எண் அட்டவணையாகிவிடுகிறது. இக்கட்டத்தைப் பிக்செல் என்பர். வழக்கமான கணக்கில் முழுக் கருப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 255. எட்டு இரும இலக்கங்களால் எழுதக்கூடிய எண்கள் 256 என்பதால் இந்த எல்லை.

இப்படி ஒரு புகைப்படத்தை முதன்முதலில் எண்ணாக்கியவர் அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய நிலையத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ். ஆண்டு 1957. அவர் எடுத்துக்கொண்டது தம் கைக்குழந்தையின் படம். ஐந்து சென்டிமீட்டர் சதுரமான அப்படத்தை 176 வரிசை, 176 நிரல் கொண்ட கட்டங்களாகப் பிரித்தார். மொத்தம் 30,976 பிக்செல்கள். ஒவ்வொரு கட்டமும் கருப்பா வெள்ளையா என்பதை மட்டுமே அவருடைய கருவி அறியும். எனவே ஒளியளவின் எல்லையை மாற்றி மாற்றிப் பல முறை படித்து, அவற்றை ஒன்றாக்கிச் சாம்பல் படிகளைப் பெற்றார்.

இன்று அதே வேலையை வீட்டு ஸ்கேனர் ஒரு நிமிடத்தில் செய்கிறது. மூன்று அங்குலத்துக்கு நான்கு அங்குலம் உள்ள ஒரு படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தால் 1800 × 2400, அதாவது 43,20,000 பிக்செல்கள் கிடைக்கும். பழைய அச்சுப் படத்தில் இதற்கு மேல் நுணுக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை. 2400 புள்ளி வைத்தால் காகிதத்தின் நார்தான் தெளிவாகத் தெரியும்.

ஸ்கேன் செய்யும்போது இரண்டு குறிப்புகளை மறக்கக் கூடாது. படம் கருப்பு வெள்ளைதானே என்று சாம்பல் முறையைத் தேர்ந்தெடுக்காமல் வண்ணத்திலேயே எடுக்க வேண்டும். காரணத்தைப் பின்னால் காண்போம். மற்றொன்று, ஸ்கேனரில் வசதி இருந்தால் ஒரு நிறத்துக்கு 8 இலக்கம் என்பதற்குப் பதில் 16 இலக்கம் வைக்க வேண்டும். அப்போது கருப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகளுக்குப் பதில் 65,536 படிகள் கிடைக்கும். மேற்சொன்ன படம் இம்முறையில் ஏறத்தாழ 26 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். பிடிக்கட்டும்; டிஃப் கோப்பாகவே சேமியுங்கள். ஜேபெக் கோப்பு இடத்தை மிச்சப்படுத்த நுண்விவரங்களைத் தள்ளிவிடும். தள்ளியது திரும்பாது.

கிம்ப்

சீர்செய்யும் மென்பொருள்கள் பல உள்ளன. இங்கு நான் எடுத்துக்கொள்வது கிம்ப். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் 1995-இல் இதனை எழுதத் தொடங்கினர். 1996-இல் பொதுமக்களுக்கு வெளியிட்டனர். பின்னர் இது ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த க்னூ திட்டத்தின் பகுதியாயிற்று. 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து 16 இலக்கப் படங்களைக் கையாள்கிறது. 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வெளிவந்தது.

இதனைக் கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள். காசு கொடுக்க வேண்டாம் என்பது அதில் ஒரு பகுதி மட்டுமே. எந்தக் கணிப்பொறியிலும் நிறுவலாம், நண்பருக்குப் படியெடுத்துத் தரலாம், உள்ளே எழுதியிருக்கும் நிரலைப் படிக்கலாம், திருத்தவும் செய்யலாம். நிரலைப் படிக்கலாம் என்பது இயற்பியல் மாணவருக்குப் பெரிய வசதி. ஒரு பொத்தானை அழுத்தியதும் படத்தின் எண்கள் என்ன ஆகின்றன என்பது இங்கே ரகசியமல்ல. பாட்டியின் முகத்தில் கை வைக்கும் கருவி என்ன செய்கிறது என்று தெரிந்திருப்பது நல்லதுதானே.

குறுகிய எண்களை விரித்தல்

படத்தைக் கிம்பில் திறந்து, ‘கலர்ஸ்’ பட்டியலில் ‘லெவல்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் மலை போன்ற ஒரு வரைபடம் தோன்றும். கணித வகுப்பில் நிகழ்வுச் செவ்வகம் என்று படித்தது இதுவே. மென்பொருளில் ஹிஸ்டோகிராம் எனப்படும். மக்கள்தொகைக் கணக்கில் இந்த வயதில் இத்தனை பேர் என்பது போல, 0 என்ற எண்ணில் இத்தனை பிக்செல், 1-இல் இத்தனை, 255-இல் இத்தனை என்று காட்டுகிறது.

நல்ல நிலையிலுள்ள படத்தில் இம்மலை இடது கோடியிலிருந்து வலது கோடிவரை பரவியிருக்கும். மங்கிய படத்தில் நடுவே ஒடுங்கிக் கிடக்கும். எடுத்துக்காட்டாக, மிகக் கருப்பான இடம் 90, மிக வெளுத்த இடம் 200 என்று இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் எண்ணிலிருந்தும் 90-ஐக் கழித்து, மீதியை 255/110 ஆல் பெருக்குவோம். 90 என்பது 0 ஆகும்; 200 என்பது 255 ஆகும்; நடுவிலிருந்த 145 ஏறத்தாழ 128 ஆகும். லெவல்ஸ் கருவியின் இரு முனை முக்கோணங்களை மலையின் இரு அடிவாரங்களுக்கு நகர்த்தும்போது நடப்பது இந்தக் கழித்தலும் பெருக்கலும்தான். மூடுபனி விலகினாற்போல் முகம் வெளியே வரும். முதன்முறை செய்பவர் கட்டாயம் வியப்பார்.

வியப்பு அடங்கியபின் ஹிஸ்டோகிராமை மறுபடி திறந்து பாருங்கள். மலை இப்போது சீப்பின் பற்களைப் போல இடைவெளி விட்டு நிற்கும். முதலில் இருந்தவை 111 வெவ்வேறு எண்கள். விரித்த பின்னும் 111-தான், 256 ஆகிவிடவில்லை. இடைவெளி மிகுந்தால் கன்னத்தின் மென்மையான நிழல் படிக்கட்டு போலத் தெரியத் தொடங்கும். 16 இலக்கத்தில் ஸ்கேன் செய்திருந்தால் அதே குறுகிய எல்லைக்குள் ஏறத்தாழ 28,000 படிகள் இருக்கும். எவ்வளவு விரித்தாலும் படிக்கட்டு தெரியாது.

முக்கோணத்தை அடிவாரத்தையும் தாண்டி உள்ளே தள்ளும் ஆசை எல்லாருக்கும் வரும். படம் பளிச்சென்று ஆகும் என்பதால் வரும் ஆசை. அப்படித் தள்ளினால் வேட்டியின் மடிப்புகளான 190, 195, 200 என்ற எண்கள் அனைத்தும் 255 ஆகிவிடும். பிறகு அவற்றை 230-க்கு இறக்கினாலும் வெள்ளைப் பலகை சாம்பல் பலகையாகுமே அன்றி மடிப்புகள் திரும்பா. மூன்று எண்களை ஒன்றாக்கிய பிறகு எது எதிலிருந்து வந்தது என்பதைச் சொல்ல எந்தக் கணிதத்தாலும் இயலாது.

முனைகளைச் சரிசெய்தபின் நடுப்பகுதியைச் சீராக்கக் ‘கர்வ்ஸ்’ என்ற கருவி உண்டு. உள்ளே வரும் எண் கிடை அச்சில், வெளியே போகும் எண் செங்குத்து அச்சில். கோட்டை எஸ் எழுத்து போல மெல்ல வளைத்தால் நடுச்சாம்பல்களின் வேறுபாடு கூடும். இந்த எஸ் வளைவு கணிப்பொறி தந்ததல்ல. படத்தகட்டின் மேல் விழும் ஒளிக்கும் அதில் படியும் வெள்ளியின் அடர்த்திக்கும் உள்ள தொடர்பை ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்னும் இருவர் இங்கிலாந்தில் அளந்து 1890-இல் வெளியிட்டனர். அவர்கள் வரைந்த கோடும் இந்த உருவம்தான்.

மஞ்சள் எங்கிருந்து வந்தது?

இனி, வண்ணத்தில் ஸ்கேன் செய்யச் சொன்னதன் காரணத்துக்கு வருவோம்.

அச்சுப் படத்தில் கருப்பாகத் தெரிவது ஜெலட்டின் படலத்துக்குள் இருக்கும் உலோக வெள்ளித் துகள்கள். படத்தை உருத்துலக்கிய பின் மீந்த வெள்ளி உப்பைக் கரைத்து எடுக்க ‘ஹைப்போ’ எனப்படும் சோடியம் தயோசல்பேட்டில் அமிழ்த்துவார்கள். பிறகு ஓடும் நீரில் நெடுநேரம் அலசவேண்டும். அலசல் போதாவிட்டால் தங்கிவிட்ட ஹைப்போவிலுள்ள கந்தகம் ஆண்டுக்கணக்கில் வெள்ளியைத் தாக்கி, வெள்ளி சல்பைடாக மாற்றும். இதன் நிறம் பழுப்பு கலந்த மஞ்சள். காற்றின் ஈரமும் சில வாயுக்களும் சேர்ந்து வெள்ளித் துகள்களை மிக நுண்ணிய துகள்களாகச் சிதைப்பதும் உண்டு. அவ்வளவு நுண்ணிய வெள்ளி நீல ஒளியை மிகுதியாக உட்கவர்வதால் அதுவும் மஞ்சளாகவே தோன்றும். இவற்றோடு தேநீர்க் கறை, கோந்துக் கறை, காகிதமே பழுத்த மஞ்சள் என்று வேறு மஞ்சள்களும் சேர்ந்துகொள்ளும்.

வண்ண ஸ்கேனில் ஒவ்வொரு பிக்செலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. கிம்பில் ‘டீகம்போஸ்’ என்ற கட்டளையால் இவற்றை மூன்று தனித்தனிச் சாம்பல் படங்களாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றையும் ஒரு சேனல் என்பர். மஞ்சள் நிறப் பொருள் சிவப்பையும் பச்சையையும் திருப்பி அனுப்பி, நீலத்தை உட்கவர்கிறது. ஆகவே ஒரு மஞ்சள் கறை நீலச் சேனலில் கருமையாகவும் சிவப்புச் சேனலில் அநேகமாக இல்லாமலும் இருக்கும். கறையற்ற காகிதத்தின் எண்கள் 230, 225, 200 என்றும், கறைபட்ட இடத்தின் எண்கள் 222, 200, 120 என்றும் வைத்துக்கொண்டால், சிவப்பில் வேறுபாடு 8, நீலத்தில் 80. சிவப்புச் சேனலை மட்டும் எடுத்துக்கொண்டால் கறை தானாகவே மறைகிறது. அதை அழிக்கவில்லை, அது தெரியாத ஒளியில் படத்தைப் பார்க்கிறோம், அவ்வளவே. இதற்குக் கணிப்பொறிகூட வேண்டாம். தேநீர் சிந்திய காகிதத்தைச் சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகவும் பிறகு நீலக் கண்ணாடித்தாள் வழியாகவும் பார்த்தால் போதும்.

இதிலிருந்து ‘மஞ்சள் படமா, சிவப்புச் சேனலை எடு’ என்று சூத்திரம் செய்துகொண்டால் தவறிவிடுவோம். கறை மஞ்சளாக இருந்தால் அது சரி. ஆனால் முகமே மஞ்சளாகியிருந்தால்? வெள்ளி சல்பைடாக மாறிய மீசையும் புருவமும் அந்த மஞ்சளில்தான் இருக்கின்றன. சிவப்புச் சேனலில் கறையோடு அவையும் போய்விடும். அங்கே நீலச் சேனலில்தான் அவை கருத்துத் தெளிவாகத் தெரியும். எனவே மஞ்சள் எதனுடையது, அழுக்கினுடையதா உருவத்தினுடையதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான படங்களில் இரண்டும் கலந்தே இருக்கும். முகத்துக்கு ஒரு சேனலும் பின்னணிக்கு வேறொரு சேனலும் எடுத்து, அடுக்கு மேல் அடுக்காக வைத்து இணைப்பதே வழி. சாம்பல் முறையில் ஸ்கேன் செய்தவருக்கு இந்தத் தேர்வே கிடைக்காது.

புள்ளிகளும் கீறல்களும்

தூசியை நீக்கும் வடிப்பான்களின் கணக்கு எளியது. ஒரு பிக்செலையும் அதைச் சுற்றியுள்ள எட்டையும் எடுத்துக்கொள்வோம். அவற்றின் எண்கள் 118, 120, 121, 119, 255, 122, 120, 117, 121. நடுவிலுள்ள 255 தூசி. சராசரி கண்டால் ஏறத்தாழ 135; தூசி பாதி மறைந்து, பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும். வரிசைப்படுத்தி நடுவில் வருவதை, அதாவது இடைநிலை அளவை எடுத்தால் 120. தூசி இருந்த சுவடே இல்லை. கிம்பின் ‘மீடியன்’ வடிப்பான் ஒவ்வொரு பிக்செலுக்கும் இதையே செய்கிறது. ‘டெஸ்பெக்கிள்’ என்பதும் இதே குடும்பம்.

அழகான முறை. ஆனால் பாட்டியின் மூக்குத்தியை நினைத்துப் பாருங்கள். ஸ்டூடியோ விளக்கு பட்டு அதில் எழுந்த மினுக்கும் சுற்றிலும் 120 இருக்க நடுவே நிற்கும் ஒரு 255-தான். அது நான்கு பிக்செல் அளவுள்ள சதுரமாக இருந்தாலும், ஒன்பதில் நான்கு சிறுபான்மைதான். இடைநிலை அளவு அதையும் தின்றுவிடும். எண்ணை மட்டும் பார்க்கும் கருவிக்குத் தூசியும் மூக்குத்தியும் ஒன்றே. கன்னத்து மச்சமும் அம்மைத் தழும்பும் அப்படியே. வடிப்பானை முழுப் படத்தின் மீதும் ஒரே வீச்சில் ஓட்டுவது ஆட்களை அடையாளமற்றவர்களாக்கும் வேலை என்பது என் கருத்து. சுவர், திரை போன்ற பின்னணியைத் தனியே தேர்ந்தெடுத்து அங்கே ஓட்டலாம், முகத்தில் கூடாது.

சரி, முகத்திலுள்ள ஒரு வெள்ளைப் புள்ளி தூசியா இல்லையா என்று நாம் மட்டும் எப்படி அறிவது? இதற்குச் சோதனை ஒன்று உண்டு. படத்தை ஸ்கேன் செய்துவிட்டு, மென்மையான காய்ந்த தூரிகையால் தூசியைத் தட்டி, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். ஈரத்துணி வேண்டாம், ஜெலட்டின் ஊறிவிடும். இரு ஸ்கேன்களையும் கிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்த வைத்து, மேலடுக்கின் முறையை ‘டிஃபரன்ஸ்’ என்று மாற்றினால் ஒரு படத்திலிருந்து மற்றொன்று கழிக்கப்படும். இரண்டிலும் மாறாதவை கருப்பாகிவிடும். இடம்மாறியவை மட்டும் ஒளிரும். ஒளிர்வது தூசி.

மடிப்பும் கீறலும் தூசி போல நகரா. அவற்றுக்கு வேறு வழி. ஸ்கேனரின் விளக்கு பெரும்பாலும் ஒரு பக்கமிருந்தே படத்தின் மேல் விழுகிறது. ஆகவே மேடான மடிப்புக்கு ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் இருக்கும். படத்தைத் தலைகீழாக வைத்து இன்னொரு முறை ஸ்கேன் செய்து, அதைக் கணிப்பொறியில் நிமிர்த்திப் பார்த்தால் வெளிச்சமும் நிழலும் பக்கம் மாறியிருக்கும். மேலடுக்கின் ஒளிபுகாமையை 50 விழுக்காடு ஆக்கி இரண்டின் சராசரியை எடுத்தால் மடிப்பின் நிழல் பெருமளவு தேயும். காகிதத்தின் சொரசொரப்பும் குறையும். உருவம் இரு ஸ்கேன்களிலும் ஒன்றாகவே இருப்பதால் அதற்குக் கேடில்லை.

இவ்வளவுக்கும் பிறகு எஞ்சும் கீறல்களைக் கையால்தான் நீக்க வேண்டும். ‘குளோன்’ கருவி ஓரிடத்துப் பிக்செல்களை அப்படியே மற்றோரிடத்தில் ஒட்டும். ஒட்டுப்போட்ட சட்டை போல ஓரம் தெரியும். ‘ஹீல்’ கருவி நயமானது. ஒட்டும் துண்டுக்கும் சுற்றுப்புறத்துக்கும் எல்லையில் உள்ள வேறுபாட்டைக் கண்டு, அந்த வேறுபாட்டை உள்ளே சீராகப் பரப்பிச் சமன் செய்கிறது. ஓர் உலோகத் தகட்டின் விளிம்புகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்தால் உள்ளே வெப்பநிலை எப்படிப் பரவி நிலைபெறும் என்று கல்லூரியில் ஒரு சமன்பாட்டைத் தீர்ப்போம் அல்லவா, லாப்லாசின் அந்தச் சமன்பாட்டைத்தான் கிம்பின் ஹீல் கருவி ஒவ்வொரு தொடுகைக்கும் தீர்க்கிறது. பரீட்சைக்கு மட்டுமே பயன்படும் என்று மாணவர்கள் நினைக்கும் சமன்பாடு அது.

எனினும் ஹீல் தருவதும் பக்கத்து இடத்தின் படிதான். கீறல் நெற்றியில் ஓடினால் கவலையில்லை. ஒரு நெற்றித் தோல் மற்றொன்று போலவே இருக்கும். கீறல் கண்ணின் குறுக்கே ஓடினால் நான் அதை விட்டுவிடவே சொல்வேன்.

சாம்பலிலிருந்து வண்ணத்துக்குப் போக முடியுமா?

கருப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஊட்டித் தருவது இப்போது பெரிதும் விரும்பப்படுகிறது. இதை எடைபோட, எதிர்த்திசையில் நடப்பதை முதலில் பார்ப்போம். ஒரு சிவப்புப் பூவின் எண்கள் 210, 60, 60. அதன் பின்னுள்ள இலையின் எண்கள் 90, 150, 90. மூன்றின் சராசரியைச் சாம்பலாகக் கொண்டால் இரண்டும் 110. பூ இலைக்குள் காணாமற் போகும். நம் கண் பகலொளியில் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சைக்கே மிகவும் கூருணர்வுடையது. அதனால் சிவப்புக்குச் சுமார் 21, பச்சைக்கு 72, நீலத்துக்கு 7 விழுக்காடு என்று எடை கொடுப்பதே வழக்கம். அந்தக் கணக்கில் பூ 92, இலை 133. பூ கருத்துத் தெரியும். ‘மோனோ மிக்ஸர்’ கருவியில் சிவப்பை மட்டும் வைத்தால் பூ 210, இலை 90. இப்போது பூ வெளுத்துவிடும். ஒரே காட்சி, மூன்று கருப்பு வெள்ளைப் படங்கள்.

பழைய படத்தில் இந்த எடைகளைத் தீர்மானித்தது படச்சுருளின் வேதியியல். தொடக்கக்காலத் தகடுகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணர்ந்தன. சாயம் சேர்த்தால் பச்சையையும் உணரச் செய்யலாம் என்று ஜெர்மனியின் ஹெர்மன் வோகல் 1873-இல் கண்டார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906-இல் விற்பனைக்கு வந்தன. ஆயினும் சிவப்பை உணராத வகையும் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. அத்தகைய தகட்டில் எடுத்த படத்தில் நீல வானம் வெறும் வெள்ளை. செக்கச்செவேலென்ற குங்குமப்பொட்டு கன்னங்கருப்பு. படத்தைச் சீர்செய்பவர் அதைக் கறையென்றோ சாந்துப்பொட்டென்றோ எண்ணிவிடக் கூடாது.

இப்போது வண்ணம் ஊட்டுவதற்கு வருவோம். கையிலிருப்பது 110 என்ற ஓர் எண். வேண்டியவை சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒரு சமன்பாட்டைக் கொண்டு மூன்று அறியாக் கணியங்களைக் காண முடியாது என்று எட்டாம் வகுப்பு மாணவனும் சொல்வான். செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் லட்சக்கணக்கான வண்ணப் படங்களைப் பயின்று, இத்தகைய இடத்தில் வழக்கமாக என்ன நிறம் இருக்கும் என்று ஊகிக்கின்றன. வானம் நீலம், புல் பச்சை என்பதில் ஊகம் பலிக்கும். பாட்டியின் கல்யாணப் புடவை அரக்கா, மாம்பழமா, மயில்கழுத்தா என்பதில் அது எதைச் சொன்னாலும் கற்பனையே. அத்தை யாராவது உயிரோடிருந்தால் அவர்களைக் கேட்பது மேல்.

முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகளிலும் இதே கதைதான், ஆனால் விளைவு கடுமையானது. மங்கிய பத்துப் பிக்செல் கண்ணை வாங்கிக்கொண்டு, இமை முடியும் கருவிழியும் துலங்கும் கண்ணாகத் திருப்பித் தருகின்றன. அந்த இமை முடிகள் உங்கள் பாட்டியுடையவை அல்ல. அவர் பிறந்த ஊரையே அறியாத எத்தனையோ முகங்களிலிருந்து கற்றுக்கொண்டவை. அவரைப் பார்த்தேயிராத பேரக்குழந்தைகள் அதைத்தான் பாட்டி என்று நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

படத்தை மாற்றுவது கணிப்பொறியோடு வந்த பழக்கமல்ல என்பதையும் சொல்லவேண்டும். மாஸ்கோ–வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நிகோலாய் யெஷோவ் நிற்கும் 1937-ஆம் ஆண்டுப் படம் ஒன்று உண்டு. 1940-இல் யெஷோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் வெளியான அதே படத்தில் அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் மட்டுமே இருந்தது. ஹீல் கருவி இல்லாத காலத்தில் அதைக் கைத்திறனாலேயே செய்தார்கள்.

சேமிக்கும் முறை

முதல் ஸ்கேனை ஒருபோதும் தொடாதீர்கள். அதன் படியில்தான் வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் தனி அடுக்கில் செய்து, கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்தால், கறை நீக்கியது ஓர் அடுக்கு, கீறல் ஒட்டியது ஓர் அடுக்கு என்று நாளை எவரும் பிரித்துப் பார்க்கலாம், வேண்டாததை அணைத்துவிடலாம். அந்தக் கோப்பைப் படிக்கும் நிரல் எல்லாருக்கும் திறந்திருப்பதால், முப்பது ஆண்டுகள் கழித்து எந்த நிறுவனம் இருக்கும், எது இருக்காது என்ற கவலையும் இல்லை.

படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோவின் முத்திரையும், யாரோ பென்சிலால் எழுதிய தேதியும் பெயரும் பல படங்களில் அங்கேதான் இருக்கின்றன. வேலை முடிந்ததும் நல்ல காகிதத்தில் ஓர் அச்சுப்பிரதி எடுத்து அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம். மூலப் படத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைக்க வேண்டாம். மழைக்காலத்து ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் முகத்தோடு வரும். அமிலமற்ற காகித உறையிலிட்டு, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வைத்துவிடுங்கள்.